மடியில் அடங்காத யானை: குரோஷேயில் பெரிய பொம்மை பின்னும் முறை

உள்ளங்கை அளவு பொம்மையில் சின்னச் சின்னத் தவறுகள் வெளியே தெரியாமல் போய்விடும். அதே பொம்மை 45 சென்டிமீட்டர் உயரமும் ஒன்றரைக் கிலோ எடையும் ஆகிவிட்டால் தலை சாயும், கழுத்துத் தையல் விரியும், குழந்தை ஒரு காலை மட்டும் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும். கண்ணிகள் (குரோஷேயின் கொக்கி ஊசியால் ஒவ்வொன்றாக இழுத்துப் போடும் பின்னல் வளையங்கள்) எல்லாம் சின்னப் பொம்மைக்குப் போடும் அதே கண்ணிகள்தான். புதிதாகக் கற்க வேண்டியது எடையைச் சமாளிக்கும் வித்தை. அதனால் இந்த யானையின் உடலும் தலையும் ஒரே துண்டாகப் பின்னப்படுகின்றன. கழுத்தில் தையலே கிடையாது. கைகால்களையும் தும்பிக்கையையும் துண்டு திறந்திருக்கும்போதே தைத்து, முடிச்சுகளை உள்பக்கம் போட்டுவிடுகிறோம்.

எப்படிப் பெரிதாக்குவது

இரண்டு வழி உண்டு. மெல்லிய நூலிலேயே கண்ணிகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். அல்லது கண்ணிகளைக் குறைவாக வைத்துக்கொண்டு நூலைத் தடிமனாக்கலாம். மெல்லிய நூலில் பொம்மையின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் கண்ணிகள் நான்கு மடங்காகும். மாதக்கணக்கில் பின்ன வேண்டியிருக்கும். தடிமன் இரட்டிப்பான நூலில் பின்னினால் கண்ணிகளின் எண்ணிக்கை மாறாது, நூலின் நீளம் மட்டும் இரண்டு மடங்காகும். புதியவர்களுக்கு இதுதான் ஏற்றது. எந்த வழியில் போனாலும் உயரம் இரட்டிப்பானால் பஞ்சு எட்டு மடங்கு வேண்டும். இதை எதிர்பார்க்காமல்தான் பலருக்கும் பாதியில் பஞ்சு தீர்ந்துபோகிறது.

நூலும் ஊசியும்

தடிமனான வெல்வெட் நூல், அதாவது ஷெனில் நூல், பெரிய பொம்மைகளுக்கு மிகவும் பிடித்தமானது. தொட்டால் மெத்தென்று இருக்கும், வேகமாக வளரும், கண்ணிகளின் கோணல்மாணலைத் தன் ரோமத்துக்குள் மறைத்துவிடும். அதே ரோமம் கண்ணிகளையும் மறைத்துவிடுவதுதான் சிக்கல். எங்கே ஊசியை நுழைப்பது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பின்னியதை இரண்டு மூன்று முறை பிரித்தால் ரோமம் உதிர்ந்து நடுநூல் மட்டும் மிஞ்சும். குரோஷே ஊசியையே இப்போதுதான் முதன்முறை பிடிப்பவர் என்றால், வழுவழுப்பான அக்ரிலிக் நூலில் ஒரு சின்னப் பந்தாவது பின்னிப் பார்த்துவிட்டு வெல்வெட்டுக்கு வருவது நல்லது. அல்லது நடுத்தர அக்ரிலிக் நூலில் இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்துப் பின்னலாம். பொம்மை சில சென்டிமீட்டர் சிறியதாகும், ஆனால் ஒவ்வொரு கண்ணியும் தெளிவாகத் தெரியும். அப்படிப் பின்னும்போது ஊசி ஓர் இழையை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் பிடித்து வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பருத்தி நூல் கனமானது; இந்த அளவில் பொம்மையைத் தூக்கவே குழந்தை சிரமப்படும். துவைக்கும்போது சுருங்கும் கம்பளியும், முடி உதிரும் மொஹேர் வகை நூலும் வேண்டாம்.

ஊசி எண்ணை லேபிள் சொல்லும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த எண் சால்வைக்கும் போர்வைக்கும் உரியது. பொம்மைத் துணி இறுக்கமாக இருந்தால்தான் பஞ்சு எட்டிப் பார்க்காது. லேபிளில் 8 மி.மீ. என்று இருந்தால் 6 அல்லது 6.5 மி.மீ. ஊசி எடுங்கள். பத்துக் கண்ணி, பத்து வரிசை கொண்ட ஒரு சதுரம் பின்னி, அதை விரல்களால் நன்றாக விரித்துப் பிடித்து, அடியில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். இடைவெளிகளில் தாள் பளிச்சென்று தெரிந்தால் ஊசி இன்னும் அரை மில்லிமீட்டர் சிறியதாக வேண்டும். ஊசியை நுழைக்கவே கை வலித்தால் அரை மில்லிமீட்டர் பெரியதாக வேண்டும். 10 செ.மீ. அகலத்தில் ஏறக்குறைய 9 கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் ஏறக்குறைய 9 வரிசை வந்தால், உட்கார்ந்த நிலையில் யானை 40 முதல் 45 செ.மீ. உயரம் இருக்கும்.

எவ்வளவு நூல் வாங்குவது? எடையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம், நீளத்தை வைத்துப் போடுங்கள். இந்த யானையில் மொத்தம் ஏறக்குறைய 5,700 கண்ணிகள். அவற்றில் 610 மட்டும் இரண்டாவது நிறம். மாதிரிச் சதுரத்தில் 20 கண்ணிகளைப் பிரித்து அந்த நூலை அளந்து பாருங்கள். 150 செ.மீ. வந்தால் ஒரு கண்ணிக்கு 7.5 செ.மீ.; மொத்தம் 430 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதோடு பத்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொண்டால் 470 மீட்டர் போதும். அதில் 50 மீட்டர் மட்டும் வேறு நிறத்தில், காதின் உள்பக்கத்துக்கும் பாதத்துக்கும். எல்லா உருண்டைகளையும் ஒரே சாயத் தொகுதி எண் பார்த்து ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள். பெரிய பரப்பில் சாம்பல் நிறத்தின் சின்ன வேறுபாடும் பட்டையாகத் தெரியும்.

மற்றவை: ஏறக்குறைய 700 கிராம் பாலியஸ்டர் பஞ்சு, மழுங்கிய முனையும் பெரிய காதும் உள்ள நூல் ஊசி, பொம்மை நிறத்திலேயே ஒரு சிறு உருண்டை அக்ரிலிக் நூல் (தைப்பதற்கு), கண்ணுக்குக் கறுப்புப் பருத்தி நூல், சுற்றின் தொடக்கத்தைக் குறிக்க மார்க்கர்கள் (கண்ணியில் மாட்டும் சிறு வளையங்கள்), பாகங்களைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்க ஊக்குகள். மார்க்கர், ஊக்கு, ஊசி மூன்றையும் வேலை தொடங்கும் முன் எண்ணி ஒரு தாளில் எழுதிவையுங்கள். முடிக்கும்போது அதே எண்ணிக்கை வர வேண்டும். இவ்வளவு பஞ்சுக்குள் விழுந்த ஓர் ஊக்கை வெளியிலிருந்து தடவிக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம்.

தெரிந்திருக்க வேண்டிய கண்ணிகள்

முக்கியமானது சிங்கிள் குரோஷே. கண்ணியின் இரண்டு இழைகளுக்கும் அடியில் ஊசியை நுழைத்து, நூலைப் பிடித்து இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம் இருக்கும். மறுபடி நூலைப் பிடித்து இரண்டின் வழியாகவும் இழுத்துவிட்டால் ஒரு சிங்கிள் முடிந்தது. முதல் முறை நூலைப் பிடிக்கும்போது ஊசியை நூலுக்கு மேலே கொண்டுபோய்க் கீழ்நோக்கிப் பிடித்தால் கண்ணி சிலுவை வடிவில், இறுக்கமாக விழும். வழக்கப்படி நூலை ஊசியின் மேல் சுற்றிப் பிடித்தால் கண்ணி சற்றுப் பெரிதாகும். பொம்மைக்கு இறுக்கமான முறை மேல். ஆனால் எதைத் தேர்ந்தாலும் கடைசிவரை அதையே பின்பற்ற வேண்டும். பாதியில் மாறினால் ஒரு கால் தடித்தும் ஒரு கால் ஒல்லியாகவும் வரும்.

ஹாஃப் டபுள் தும்பிக்கையை வளைக்க மட்டும்தான். முதலில் ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு கண்ணிக்குள் நுழைத்து இழுத்தால் மூன்று வளையம் இருக்கும். நூலைப் பிடித்து மூன்றின் வழியாகவும் ஒரே இழுப்பு. காணொளிகளைப் பார்த்துப் பழகுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே சொல்வது அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டிஷ் முறையில் இதே சிங்கிளை டபுள் என்பார்கள்.

கூட்டல் என்றால் ஒரே கண்ணிக்குள் இரண்டு சிங்கிள். குறைப்பு என்றால் இரண்டு கண்ணிகளை ஒன்றாக்குவது: இரண்டு கண்ணிகளின் முன்பக்க இழைகளை மட்டும் அடுத்தடுத்து ஊசியில் எடுத்து, நூலைப் பிடித்து இரண்டின் வழியாகவும் இழுத்து, பின் வழக்கம்போல் முடியுங்கள். முன்னிழையை மட்டும் எடுப்பதால் துளை விழாது, மேடும் தெரியாது.

தொடக்கத்துக்கு மேஜிக் ரிங் (இழுத்து இறுக்கக்கூடிய நூல் வளையம்) தெரிந்தவர்கள் வெல்வெட் நூலில் அதை இறுக்கி இழுக்கும்போது கவனமாக இருக்க வேண்டும். நடுநூல் அறுந்து ரோமம் மட்டும் கையோடு வந்துவிடும். இரண்டு சங்கிலி (ஊசியில் உள்ள வளையத்தின் வழியாக நூலை ஒரு முறை இழுத்தால் ஒரு சங்கிலி) போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவதாக உள்ள சங்கிலிக்குள் 6 சிங்கிள் போட்டுத் தொடங்குவது பத்திரமானது. நடுவில் சின்னத் துளை மிஞ்சினால் பிறகு உள்ளிருந்து ஒரு தையலில் அடைத்துவிடலாம்.

எல்லாப் பாகங்களும் நிறுத்தாமல் சுழன்று போகும் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றையும் மூட வேண்டாம். சுற்றின் முதல் கண்ணியில் மார்க்கர் மாட்டி, அடுத்த சுற்றுக்கு வரும்போது கழற்றி மேலே மாட்டுங்கள். நாலைந்து சுற்று ஆனதும் பின்னல் கிண்ணமாக வளையத் தொடங்கும். அப்போது ‘வி’ வடிவமோ சிலுவை வடிவமோ தெரியும் பக்கம் வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். குறுக்குக் கோடுகள் வெளியே தெரிந்தால் உள்ளே வெளியே புரட்டிவிடுங்கள். பாதி உடல் முடிந்த பிறகு இதைக் கவனித்தால் புரட்டுவதே பெரும்பாடு.

கால்கள் (2)

பாதத்தின் நிறத்தில் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றின் கடைசியில் உள்ள எண் அந்தச் சுற்றின் மொத்தக் கண்ணிகள்.
சுற்று 1: 6 சிங்கிள்.
சுற்று 2: ஒவ்வொன்றிலும் கூட்டல் – 12.
சுற்று 3: (1 சிங்கிள், கூட்டல்) 6 முறை – 18.
சுற்று 4: (2 சிங்கிள், கூட்டல்) 6 முறை – 24.
சுற்று 5: (3 சிங்கிள், கூட்டல்) 6 முறை – 30. கடைசிக் கண்ணியின் கடைசி இழுப்பைச் சாம்பல் நூலால் செய்து நிறம் மாற்றுங்கள்.
சுற்று 6: பின்பக்க இழையில் மட்டும் 30 சிங்கிள். பாதம் தட்டையாக மடங்குவது இந்தச் சுற்றால்தான்.
சுற்று 7–9: 30.
சுற்று 10: 9 சிங்கிள், 6 குறைப்பு, 9 சிங்கிள் – 24. குறைப்புகள் விழுந்த பக்கம் பாதத்தின் மேற்பக்கம்.
சுற்று 11–22: 24.

நூலை அறுத்து முடியுங்கள். பாதத்துக்குள் இறுக்கமாகவும், மேலே போகப்போகத் தளர்வாகவும் பஞ்சு வையுங்கள். மேல் முனையில் இரண்டு விரல்கடை காலியாக இருக்கட்டும். அங்கேயும் அடைத்துவிட்டால் கால் விறைத்து நின்று யானையைப் பின்னால் தள்ளிவிடும்.

கைகள் (2)

சுற்று 1 முதல் 4 வரை காலைப் போலவே 6, 12, 18, 24. நிறம் மட்டும் சாம்பல். சுற்று 5–8: 24. சுற்று 9: (2 சிங்கிள், குறைப்பு) 6 முறை – 18. சுற்று 10–22: 18. கீழ்ப் பாதியில் மட்டும் பஞ்சு. மேல் வாயைத் தட்டையாக அமுக்கி, எதிரெதிரே உள்ள கண்ணிகளைச் சேர்த்து 9 சிங்கிள் போட்டு மூடுங்கள். தட்டையாக மூடிய கை தோளிலிருந்து தொங்கும், அணைக்கும்போது மடங்கும்.

தும்பிக்கை

சுற்று 1: 6. சுற்று 2: 12. சுற்று 3: பின்பக்க இழையில் மட்டும் 12. சுற்று 4–6: 12.
சுற்று 7–12: ஒவ்வொரு சுற்றிலும் 6 சிங்கிள், 6 ஹாஃப் டபுள் – 12.
சுற்று 13: (3 சிங்கிள், கூட்டல்) 3 முறை – 15. சுற்று 14: 15.
சுற்று 15: (4 சிங்கிள், கூட்டல்) 3 முறை – 18. சுற்று 16: 18.
சுற்று 17: (5 சிங்கிள், கூட்டல்) 3 முறை – 21.
சுற்று 18: (6 சிங்கிள், கூட்டல்) 3 முறை – 24. சுற்று 19: 24.

ஹாஃப் டபுள் சிங்கிளைவிட உயரமானது. குழாயின் ஒரு பக்கம் அதனால் நீண்டுவிட, குழாய் மறுபக்கம் வளையும். கம்பியோ குச்சியோ இல்லாமல் தும்பிக்கைக்கு வளைவு கிடைப்பது இப்படித்தான். குழந்தையின் பொம்மைக்குள் கம்பி வைக்கவே கூடாது. வளைத்து வளைத்து ஒருநாள் ஒடிந்து துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். குறுகலான பகுதி என்பதால் பத்துச் சுற்று ஆனதும் ஒரு முறை பஞ்சு வைத்துவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு திணித்தால் நுனி காலியாகவே நிற்கும்.

காதுகள்

சாம்பலில் இரண்டு வட்டம், உள்பக்க நிறத்தில் இரண்டு வட்டம். 6-இல் தொடங்கிச் சுற்றுக்கு 6 கூட்டி, எட்டாவது சுற்றில் 48 வரும்வரை பின்னுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றாக இரண்டு வட்டங்களை உள்புறம் உள்ளே வருமாறு அடுக்கி, இரண்டின் கண்ணிகளையும் சேர்த்துச் சாம்பல் நூலில் சுற்றிலும் 48 சிங்கிள். பஞ்சு வைக்க வேண்டாம். காதின் எடை தலையின் பக்கவாட்டுத் தையலில்தான் தொங்கும்.

வட்டத்தின் விளிம்பு நெளிநெளியாக அலையடித்தால் உங்கள் கண்ணிகள் தளர்ந்திருக்கின்றன, அல்லது எங்கோ கூட்டல் அதிகமாக விழுந்திருக்கிறது. கிண்ணம்போல் குழிந்தால் இறுக்கம் அதிகம், அல்லது கூட்டல் விட்டுப்போயிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

உடலும் தலையும்

சுற்று 1: 6. பிறகு சுற்றுக்கு 6 கூட்டிக்கொண்டே போய் 11-ஆவது சுற்றில் 66. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம். ஆறு கூட்டல்களும் சுற்றுக்குச் சுற்று ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் வட்டம் அறுகோணமாகிவிடும். சின்னப் பொம்மையில் யாரும் கவனிக்காத இந்த மூலைகள், 66 கண்ணி வட்டத்தில் அப்பட்டமாகத் தெரியும். அதனால் 4, 6, 8, 10 ஆகிய இரட்டைப்படைச் சுற்றுகளில் கூட்டலை அரை இடம் நகர்த்துங்கள். உதாரணமாக 6-ஆவது சுற்று வழக்கப்படி (4 சிங்கிள், கூட்டல்) 6 முறை. அதற்குப் பதில் 2 சிங்கிள், கூட்டல், பிறகு (4 சிங்கிள், கூட்டல்) 5 முறை, கடைசியில் 2 சிங்கிள். மொத்தம் அதே 36தான். காதுகளின் வட்டத்துக்கும் இது பொருந்தும். பின்னால் வரும் குறைப்புச் சுற்றுகளிலும், இடைப்பட்ட சிங்கிள்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும் இடங்களில் இதேபோல் நகர்த்தலாம்.

சுற்று 12–21: 66.
சுற்று 22: (9 சிங்கிள், குறைப்பு) 6 முறை – 60. சுற்று 23: 60.
சுற்று 24: (8 சிங்கிள், குறைப்பு) 6 முறை – 54. சுற்று 25: 54.
சுற்று 26: (7 சிங்கிள், குறைப்பு) 6 முறை – 48. சுற்று 27: 48.
சுற்று 28: (6 சிங்கிள், குறைப்பு) 6 முறை – 42. சுற்று 29: 42. இதுதான் கழுத்து.

இங்கே நிறுத்துங்கள். ஊசியில் உள்ள வளையத்தை மார்க்கரில் மாட்டிவிட்டு, கைகால்களைத் தைக்கும் வேலைக்குப் போங்கள். அதன் விவரம் கீழே. தைத்து, உடலில் பஞ்சு வைத்த பிறகு தொடர்வது:

சுற்று 30: (6 சிங்கிள், கூட்டல்) 6 முறை – 48.
சுற்று 31: (7 சிங்கிள், கூட்டல்) 6 முறை – 54.
சுற்று 32: (8 சிங்கிள், கூட்டல்) 6 முறை – 60.
சுற்று 33–43: 60. மறுபடி நிறுத்தி, தும்பிக்கை, கண், காது.
சுற்று 44: (8 சிங்கிள், குறைப்பு) 6 முறை – 54. அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் 6 குறைத்து 48, 42, 36, 30, 24, 18, 12 என்று வந்து, 52-ஆவது சுற்றில் 6.

எண்ணிக்கையில் ஒன்றிரண்டு கண்ணி தவறினால் வெல்வெட் நூலைப் பிரிக்காதீர்கள். அடுத்த சுற்றில் ஒரு கூட்டலோ குறைப்போ போட்டுச் சரிக்கட்டினால் 66 கண்ணிகளுக்கு நடுவில் அது யார் கண்ணுக்கும் படாது. நான்கைந்து கண்ணி பிசகியிருந்தால் மட்டும் பிரிக்கலாம்.

கைகால் தைத்தல்

வெல்வெட் நூலால் தைக்க வேண்டாம். துணிக்குள் பத்து முறை போய்வருவதற்குள் ரோமம் உரிந்து, நடுநூல் இற்றுவிடும். அதே நிறத்து அக்ரிலிக் நூல் உறுதியானது; ரோமத்துக்குள் புதைந்து கண்ணுக்கும் தெரியாது.

முதலில் உடலில் கொஞ்சம் பஞ்சைத் திணித்து வடிவம் வரவையுங்கள். எது முன்பக்கம் என்று முடிவு செய்ய மார்க்கரை நம்பாதீர்கள். சுழன்று பின்னும்போது கண்ணிகள் மெல்லச் சாய்ந்துகொண்டே போவதால் சுற்றின் தொடக்கம் அடியில் ஓரிடத்திலும் கழுத்தில் வேறிடத்திலும் இருக்கும். பார்வைக்கு எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறதோ அதை முன்பக்கமாக்கி, கழுத்தில் நடுவே ஒரு ஊக்கு மாட்டிக்கொள்ளுங்கள். கால்கள் 11-ஆவது சுற்றுக்கும் 18-ஆவது சுற்றுக்கும் இடையில், சற்று வெளிப்பக்கம் விரிந்து. ஊக்கால் குத்தி, பொம்மையை மேசைமேல் உட்காரவைத்துப் பாருங்கள். பின்னால் சாய்ந்தால் கால்களை ஒரு சுற்றுக் கீழே இறக்குங்கள். முன்னால் குனிந்தால் ஒரு சுற்று மேலே. கைகள் 26, 27-ஆவது சுற்றில், பக்கவாட்டில்.

ஒவ்வொரு காலையும் இரண்டு முறை சுற்றித் தையுங்கள், அதுவும் தனித்தனி நூல்களில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 செ.மீ. ஒரே நீள நூலில் இரண்டு சுற்றும் தைத்தால், அது எங்காவது அறுந்தால் முழுக் காலும் கழன்றுவிடும். தனித்தனியாக இருந்தால் ஒன்று போனாலும் இன்னொன்று பிடித்திருக்கும். காலின் 24 கண்ணிகளும் தையலுக்குள் வர வேண்டும். நூலின் இரு முனைகளையும் உடலுக்குள் கொண்டுவந்து, கழுத்து வழியாகக் கையை விட்டு, இரட்டை முடிச்சுப் போடுங்கள். இதற்காகத்தான் கழுத்தில் நிறுத்தினோம். எல்லாம் முடிந்ததும் காலைப் பிடித்து உங்கள் பலத்தில் பாதியைக் காட்டி இழுத்துப் பாருங்கள். இப்போது விரியாவிட்டால் பிறகும் விரியாது.

வால் இந்த நேரத்தில்தான்: 9 சங்கிலி, அதன்மேல் திரும்பி 8 சிங்கிள், நுனியில் சிறு குஞ்சம். பின்பக்கம் 10-ஆவது சுற்றில் தைத்து உள்ளே முடியுங்கள். நீட்ட வேண்டாம், நீளமான கயிறு எந்தப் பொம்மையிலும் ஆபத்து.

பஞ்சு வைத்தல்

பொம்மையின் ஆயுளைத் தீர்மானிக்கும் கட்டம் இது, அவசரம் ஆகாது. பொட்டலத்திலிருந்து எடுத்ததை அப்படியே திணிக்காமல், இலவம் பஞ்சைத் தலையணைக்குக் கொட்டை நீக்கிப் பிய்ப்பதுபோலப் பிய்த்து விரித்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன உருண்டைகளாக வைத்தால் அவை ஒன்றோடொன்று சேராமல் கட்டி கட்டியாகத் தெரியும். பெரிய கைப்பிடிகளாக எடுத்து முதலில் சுவரை ஒட்டி ஒரு படலம், பிறகு நடுவில் கெட்டியாக. அடிப்பாகம் சற்றுத் தளர்வாக இருந்தால் நன்றாக உட்காரும். துணி விரிந்து கண்ணிகளுக்கிடையே வெள்ளை தெரிந்தால் அளவு மீறிவிட்டது.

கழுத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தலை, பஞ்சோடும் தும்பிக்கை காதுகளோடும் சேர்ந்து அரைக் கிலோவை நெருங்கும். அதைத் தாங்கப்போவது கழுத்துக்குள் இருக்கும் பஞ்சு மட்டுமே. உடலின் மேற்பகுதியில் கையளவு பஞ்சை உருட்டிக் கெட்டியாக்கி நட்டுக்குத்தாக இறக்கி, அதன் மேல் பாதி கழுத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும்படி வையுங்கள். தலை பின்னி முடியும்போது அதைச் சுற்றியே மற்றப் பஞ்சு அமையும். உடலைத் தனியாகவும் தலையைத் தனியாகவும் நிரப்பினால் நடுவில் ஒரு இடைவெளி விழுந்து, தலை அந்த இடத்தில்தான் மடியும்.

தலையை மூடும் முன், ஏறக்குறைய 30 கண்ணி அகலத்தில் வாய் இருக்கும்போது, பொம்மையை ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் நன்றாக அமுக்கி அணைத்துப் பாருங்கள். பஞ்சு அமர்ந்திருக்கும், இன்னும் இரண்டு மூன்று பிடி கொள்ளும்.

பழைய துணி வெட்டுகளை நிரப்புவது சிக்கனமாகத் தோன்றும். எடை இரட்டிப்பாகும், கட்டி கட்டியாகும், நனைந்தால் காயவே காயாது. அடியில் கனம் சேர்க்க மணிகள் போடுவதும் குழந்தைப் பொம்மைக்கு வேண்டாம். ஒரு தையல் விட்டால் அத்தனையும் தரையில்.

முகம்

43-ஆவது சுற்றில் நிறுத்தியதும் தும்பிக்கையை 34-க்கும் 41-க்கும் இடையில், முன்பக்க நடுவில், கால்களைப் போலவே இரண்டு தனி நூலில் தையுங்கள். வளைவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைத் தைக்கும் முன்பே திருப்பி முடிவு செய்துகொள்ளுங்கள். வயிற்றின்மேல் படுத்து நுனி நிமிர்ந்தால் அழகு. காதுகள் பக்கவாட்டில், 12 கண்ணி நீளத்துக்கு விளிம்பை ஒட்டி, முன்னும் பின்னுமாக இரு வரிசைத் தையல்.

கண் விஷயத்தில் குழந்தையின் வயதுதான் தீர்ப்பு. 3 வயதுக்குக் கீழே என்றால் பிளாஸ்டிக் கண்ணோ பொத்தானோ வேண்டாம். கறுப்பு நூலில் எம்பிராய்டரி செய்யலாம், அல்லது 6 கண்ணி வட்டம் ஒன்றைப் பின்னி ஓரம் முழுவதும் தைக்கலாம். பொம்மைப் பாதுகாப்பு விதிகளில் சிறு பாகங்களைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள குழாய் ஒன்று உண்டு. பொம்மையிலிருந்து கழன்று அதற்குள் முழுதாக அடங்குவது எதுவாக இருந்தாலும் அந்த வயதுக் குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கொள்கிறார்கள். ஐரோப்பிய விதியான இஎன் 71, 6 மி.மீ.க்கு மேற்பட்ட பாகங்களை 90 நியூட்டன் விசையில், அதாவது ஏறக்குறைய 9 கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல், இழுத்துப் பார்க்கச் சொல்கிறது. வீட்டில் பின்னும் பொம்மைக்கு அந்தச் சோதனை நடப்பதில்லை. அதனால் கழலக்கூடிய பாகமே இல்லாமல் செய்வதுதான் வழி. வளர்ந்த குழந்தைக்குப் பூட்டுக் கண் (பின்னால் ஒரு வளையத்தால் பூட்டும் பிளாஸ்டிக் கண்) வைப்பதானாலும், தடித்த நூலின் கண்ணிகள் விரிந்துகொடுப்பதால் பின்பக்க வளையம் அதன் வழியாக நழுவிவிடும். துணிக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு ஃபெல்ட் துண்டு வையுங்கள்.

ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் தொட்டிலில் எந்த மெத்துப் பொம்மையும் வைக்கக் கூடாது. இவ்வளவு பெரியது நிச்சயமாகக் கூடாது. கழுத்தில் ரிப்பன் கட்டிப் பரிசளிக்கும் ஆசை இருந்தால், படம் எடுத்த கையோடு அவிழ்த்துவிடுங்கள்.

கடைசி 6 கண்ணிகளை மூடும்போது முன்னிழைகள் வழியாக அக்ரிலிக் நூலை ஓட்டி இறுக்கி, முனையைத் தலைக்குள் செலுத்தி வேறோரிடத்தில் எடுத்து, மீண்டும் உள்ளே விட்டு வெட்டுங்கள். பிறகு அந்தத் தாளை எடுத்து மார்க்கர், ஊக்கு, ஊசி எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

துவைத்தல்

பொம்மை முழுவதையும் நனைப்பது கடைசி வழி. சின்ன அழுக்கை ஈரத்துணியும் மிதமான சோப்பும் போக்கிவிடும். வேறு வழியில்லை என்றால் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி, குளிர்ந்த நீரில், மென்மையான சுழற்சியில் துவைக்கலாம். பிழிந்து முறுக்காமல், துண்டில் சுற்றி அமுக்கி நீரை எடுங்கள். காதையோ காலையோ கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஈர எடையில் அந்த இடம் நீண்டுவிடும். காற்றோட்டமான இடத்தில் வலைமேல் படுக்கவைத்து, அடிக்கடி புரட்டிப் போடுங்கள். மேலே காய்ந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். நடுப்பஞ்சு காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அதற்குள் குழந்தையிடம் கொடுத்தால் உள்ளே பூஞ்சை வாடை குடியேறிவிடும். இஸ்திரிப் பெட்டியும் சூடான உலர்த்தியும் வெல்வெட்டின் ரோமத்தை உருக்கிவிடும்.